தரையில் பாய்வதும் கடலில் பாய்வதும்



தோப்பூர் மக்களுக்குக் காடும் கடலும் தூரமில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஆற்றோடு தெற்கே போனால் சோமாவதிக் காடு. 2006இல் மூதூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து திரும்பிய பலர், தங்கள் வயல்கள் பற்றை மண்டிக் கிடக்கக் கண்டார்கள். பற்றையில் பன்றி சேர்ந்தால் அதைத் தேடிச் சிறுத்தையும் வரலாம். ஆகவே இந்த இரு வேட்டைப் பிராணிகளையும் அறிந்துகொள்வோம்.

எது வேகம் கூடியது?

தரையில் முதலிடம் சிவிங்கிக்கே. அது மணிக்குச் சுமார் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்; ஆனால் சில நூறு மீற்றரில் களைத்துவிடும். இலங்கையில் சிவிங்கி இல்லை. நம் காட்டில் உள்ளது சிறுத்தை. அது பதுங்கி அருகே வந்து, மணிக்கு 60 கிலோமீற்றர் அளவில் பாய்கிறது.

கடலில் வேகமான சுறா மேக்கோ. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. இடுப்பளவு தண்ணீரில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அப்படியிருந்தும் மேக்கோ மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் பாய்வதாகக் கணித்திருக்கிறார்கள். தசையில் பிறக்கும் சூட்டை வீணாக்காமல் உடம்பிலேயே வைத்திருப்பது அதன் பலம்.

உடலமைப்பு

சிறுத்தைக்கு எலும்பு, சுறாவுக்குக் குருத்தெலும்பு. சிறுத்தை நகத்தை உள்ளிழுத்துக் கூர்மையைக் காக்கிறது. சுறாவுக்குப் பல் விழ விழப் புதுப்பல் வருகிறது. சிறுத்தை கண்ணாலும் காதாலும் இரை தேடும். சுறா மோப்பத்தோடு, இரையின் உடலிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தையும் உணரும்.

பெருக்கம்

இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை இதுதான்: இரண்டும் மெதுவாகவே பெருகும். சிறுத்தை பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகளே ஈனும். பெண் மேக்கோ முதிர்ச்சியடைய ஏறக்குறைய 18 வருடங்கள் செல்லும். சாளையைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீனல்ல அது. பிடித்து முடித்தால் ஒரு தலைமுறையில் மீளாது.

நமக்கு என்ன?

நெல்லையும் மரவள்ளியையும் கிண்டும் பன்றியைச் சிறுத்தை உண்கிறது. பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கோ அதையே கொல்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. பயிரை இழந்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் சுருக்கு ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. நம் மாடும் நாயும் அதில் விழும்.

1. கன்றுகளை இரவில் அடைப்பான பட்டியில் கட்டுங்கள்.
2. வயலோரப் பற்றையை அயலவர் சேர்ந்து வெட்டுங்கள்.
3. சிறுத்தை நடமாடினால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.
4. கடலுக்குப் போகும் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியது: நீண்ட வால் கொண்ட கசைவால் சுறாவைப் பிடிப்பது 2012 முதல் தடை. உயிரோடு அகப்பட்டால் விட்டுவிடுங்கள்.

கலந்துரையாட

சுருக்கு வைக்காமல் நம் கிராமத்தில் பன்றியைத் தடுக்க என்ன வழி? தனி ஒருவரால் முடியாததை எத்தனை குடும்பங்கள் சேர்ந்தால் செய்யலாம்?