ஒரு பைட்டும் மிச்சமாகாத மாற்றம்

டிசம்பர் மாதத்தில் கோபன்ஹேகனில் மாலை நான்கு மணி ஆவதற்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடுவதால், ஜன்னலில் பார்க்க ஒன்றும் இன்றித் திரையையே வெறித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், எங்கள் உபகரணத்தின் டிஸ்க் தாமதத்தைக் காட்டும் வரைபடத்தில் 1847 மைக்ரோ செகண்டு என்ற ஒரே எண் மூன்று வாரமாக இம்மியும் அசையாமல் நிற்பதைக் கவனித்தேன். தாமதம் என்பது ஏறும், இறங்கும். காய்கறிச் சந்தை விலையைப்போல ஒரு நாழிகை நிலைத்து நில்லாது. அசையாத அந்த எண் தாமதமே அன்று, லாக் எழுதும் ஒரு ப்ராஸஸின் அடையாள எண் என்று கண்டுகொள்ள அன்று இரவு ஒன்பது மணி ஆயிற்று. பிழையை இழைத்தவன் நானே என்று கண்டுகொள்ள அதன்பின் ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது.

விஷயம் இது. டிஸ்க் வேலை ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் குறித்துவைக்க லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு ட்ரேஸிங் மாட்யூல் எழுதியிருந்தோம். பதிவு ஒன்றில் ஏழு விவரங்கள்: வகை 1 பைட், நேரம் 8, தாமதம் 4, செக்டர் எண் 8, சிபியு எண் 2, ப்ராஸஸ் எண் 4, ஃப்ளாக் 1. கூட்டினால் 28. ஆனால் இந்த வரிசையிலேயே எழுதியிருந்தபடியால் அந்தப் பதிவுக்கான ஸ்ட்ரக்ட் 48 பைட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. 64 பிட் இயந்திரத்தில் 8 பைட் எண் எட்டால் வகுபடும் முகவரியிலும், 4 பைட் எண் நான்கால் வகுபடும் முகவரியிலும் அமர வேண்டியிருப்பதால், கம்பைலர் வகைக்குப் பின் 7 பைட்டும், தாமதத்துக்குப் பின் 4 பைட்டும், சிபியு எண்ணுக்குப் பின் 2 பைட்டும் பொந்தாக விட்டு, வாலிலும் 7 பைட்டைச் சும்மா சேர்த்து வைத்தது. சி மொழியில் நாம் எழுதிய வரிசையைக் கம்பைலர் தானாக மாற்றுவதற்கு அதிகாரம் இல்லை.

பிரேசில் நாட்டு அர்னால்டோ கார்வால்ஹோ டி மெலோ எழுதிய பஹோல் என்ற கருவியை ஓட்டினால் இந்தப் பொந்துகளை வரிக்கு வரி காட்டிவிடும். பெரியவற்றை முன்னும் சிறியவற்றைப் பின்னும் வைத்தேன். 48 என்பது 32 ஆயிற்று. நான்கு கோர், கோருக்கு ஒரு லட்சம் பதிவு, ஆக 64 லட்சம் பைட் மிச்சம். 128 மெகாபைட் நினைவகத்தில் காலந்தள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கு அது கிள்ளுக்கீரை அன்று. இதெல்லாம் அரை மணி வேலை. விஸ்தரிக்க ஒன்றும் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ப்ராஸஸ் எண்ணும் தாமதமும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு, ப்ராஸஸ் எண் சிபியு எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் படிப்பவருக்கு அழகாயிருக்குமே என்று கருதி, வேறொரு நாள் அவ்விரண்டையும் இடம் மாற்றினேன். இரண்டும் 4 பைட். மிச்சமானது பூஜ்யம். ஸ்ட்ரக்டின் அளவு 32 தானா என்று கம்பைல் செய்யும்போதே சரிபார்க்கும் ஒரு வரியை வைத்திருந்த பெருமை எனக்கு உண்டு. அந்தக் காவற்காரன் அளவைப் பார்த்தானே ஒழிய ஆளைப் பார்க்கவில்லை. முதல் மாற்றத்தின்போது, பதிவுகளைப் படிக்கும் புரோகிராம் உடனே குழம்பி விழுந்ததனால் எல்லோரும் விழித்துக்கொண்டோம். இரண்டாவது மாற்றத்தில் எதுவும் விழவில்லை. நாற்பது உபகரணங்களில் மூன்று வாரம் ஓடிய சோதனை முழுவதும் குப்பைக்குப் போயிற்று.

படிக்கும் புரோகிராமை எழுதியவர் யூட்லாந்தில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தம்பி. "அண்ணை, சைஸ் அப்பிடியேதானே கிடக்கு, பிறகு ஏன் என்னைக் கேக்கிறியள்?" என்றார். நியாயந்தான், ஆனால் என் ஸ்ட்ரக்டை வரி மாறாமல் தம் கோப்பில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டவரும் அவரே. கெர்னலின் சொந்த ட்ரேஸிங் வசதியான ஃப்ட்ரேஸில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஃபார்மட் என்றொரு கோப்பு உண்டு. எந்த விவரம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட் என்று அது சொல்லும். அப்படி ஒன்றை நானும் கொடுத்திருக்க வேண்டும், அவரும் கேட்டிருக்க வேண்டும். 2011-ல் பிகேஎல் என்ற பழைய பெரும்பூட்டைக் கெர்னலிலிருந்து நீக்கியபோது, ட்ரேஸ் பதிவுதோறும் அதற்கென இருந்த 4 பைட்டையும் நீக்கப் புக, இடத்தை மனப்பாடம் செய்து படித்துவந்த பவர்டாப் என்ற கருவி உடைந்துபோனமையால், ஒன்றுக்கும் உதவாத அந்த 4 பைட்டைச் சில காலம் சுமக்க நேர்ந்தது. பெரியவர்களுக்கே வந்த வினை என்று நான் ஆறுதல் கொண்டதை எங்கள் மேலதிகாரி ஏற்கவில்லை. "நினைவகச் சிக்கனத்தால் நேர்ந்த பிழை" என்று அறிக்கையில் எழுதினார்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சிக்கனத்தால் ஒரு பிழையும் நேரவில்லை. சிக்கனம் இல்லாத மாற்றத்தால் நேர்ந்தது. சிக்கனத்தைப் பழிப்பதற்கு இது உரிய ஊரும் அன்று. 42 பிட் சொற்கள் 1024 மட்டுமே மையநினைவில் கொண்டிருந்த கியர் கணினிக்கு, 1962-ல் பீட்டர் நௌரும் அவர் குழுவினரும் ஆல்கால் கம்பைலரே எழுதிவிட்டார்கள் இந்நாட்டில். 2006-ல் கெர்னலில் சேர்ந்த, டிஸ்க் வேலைகளைப் பதியும் பிளாக்ட்ரேஸ், டேனிஷ்காரரான ஜென்ஸ் ஆக்ஸ்போவின் கைவேலை. அதன் பதிவும் என் பழைய ஸ்ட்ரக்டைப் போல 48 பைட்தான், ஆனால் பொந்து ஒன்றுகூட இல்லை. அதையே உபயோகித்திருக்கலாமே என்பீர்கள்: அதில் ஒரு வேலையின் தொடக்கமும் முடிவும் தனித்தனிப் பதிவுகள், எங்களுக்கு ஒரே பதிவில் தாமதம் வேண்டும். அதன் வரிசையைப் பாருங்கள்: 4 பைட் விவரம் இரண்டு சேர்ந்து எட்டாகி முன்னே நிற்க, 8 பைட் விவரங்கள் பின்னே வருகின்றன. பெரியது முன்னே என்பது வேதவாக்கு அன்று. முதலில் நிற்கும் எண்ணின் மதிப்பு மிகக் குறைந்த பைட்டில் பதிவு முறையின் பதிப்பு எண்ணும் இருக்கிறது. படிப்பவர் அதைப் பார்த்து, தமக்குத் தெரியாத பதிப்பானால் விலகிக்கொள்ளலாம்.

ஆகவே, அளவை மாத்திரம் சரிபார்க்காதீர்கள். ஒவ்வொரு விவரமும் தொடங்கும் இடத்தையும் கம்பைல் செய்யும்போதே சரிபாருங்கள். ஏழு விவரத்துக்கு ஏழு வரி. பதிவை வெளியே அனுப்புமுன் பொந்துகளைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். இல்லையேல் கெர்னலின் பழைய சரக்கு எதுவும் அதோடு கசியக்கூடும்.

28 பைட் விவரத்துக்கு 32 பைட் இடம் என்றேன் அல்லவா? வாலில் 4 பைட் ஆரம்பம் முதலே காலியாகத்தான் கிடந்தது. இப்போது அங்கே பதிப்பு எண்ணை வைத்திருக்கிறேன். எண் மாறினால் தம்பியின் புரோகிராம் படிக்க மறுத்து நின்றுவிடுகிறது. பதிவின் அளவு இன்றும் 32 தான். அறிக்கையில் உள்ள அந்த வரியை மாத்திரம் இதுவரை யாரும் திருத்தவில்லை.