முற்றுப்புள்ளி வைக்கும் புரதம்

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது பழமொழி. மரபணுவைப் பொறுத்தவரை முடிவு கோணினாலும் முற்றும் கோணல்தான். படியெடுத்தல் தொடங்கும் முறையை விரிவாகப் பயிலும் நாம், அது நிற்கும் முறையை இரண்டொரு வரிகளில் கடந்துவிடுகிறோம். ஆகவே அதனையே இக்கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

நம் உயிரணுவின் உட்கருவில் ஆர்.என்.ஏ. பாலிமெரேஸ் என்னும் நொதி டி.என்.ஏ. இழைமீது நகர நகர, ஆர்.என்.ஏ. படி வளர்கிறது. மரபணுவின் இறுதியை அடைந்ததும் அப்படியில் 'ஏஏயுஏஏஏ' என்னும் ஆறெழுத்துக் குறி தோன்றுகிறது. பல துணையலகுகள் கூடிய சி.பி.எஸ்.எப். என்னும் புரதத் தொகுதி இக்குறியைப் பற்றிக்கொள்கிறது. அத்துணையலகுகளுள் ஒன்றே சி.பி.எஸ்.எப்.-73. குறியிலிருந்து 10 முதல் 30 எழுத்துகள் தள்ளிப் படியை வெட்டும் கத்தரி இதுவே. இதன் வினைமையத்தில் இரண்டு துத்தநாக அயனிகள் இருப்பதை 2006இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்.

வெட்டியபின் நிகழ்வது என்ன? முன்துண்டு அடினைன் வால் பெற்றுத் தூது ஆர்.என்.ஏ. ஆகிறது. பின்துண்டோ பாலிமெரேஸில் தொங்கியபடி நீள்கிறது. எக்ஸ்.ஆர்.என்.-2 என்னும் நொதி அதனை வெட்டுவாயிலிருந்து சிதைத்துக்கொண்டே துரத்திச் சென்று பாலிமெரேஸை எட்டுகிறது. உடனே பாலிமெரேஸ் டி.என்.ஏ.யை விட்டு விலகுகிறது. சி.பி.எஸ்.எப்.-73ஐ உயிரணுவிலிருந்து நீக்கினால் பாலிமெரேஸ் எல்லை கடந்து ஓடுவதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. வெட்டு இல்லையேல் நிறுத்தமும் இல்லை!

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. ஆல்பா தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை நோயில் ஒரு வகைக்குக் காரணம் 1983இல் கண்டறியப்பட்டது. ஆல்பா குளோபின் மரபணுவில், அந்த ஆறெழுத்துக் குறியின் கடைசி 'ஏ', 'ஜி'யாக மாறியிருந்தது. வெட்டு சரிவர விழவில்லை. குளோபின் உற்பத்தி குன்றியது. ஓரெழுத்துப் பிழை இரத்தத்தையே வாட்டிவிட்டது!

இதே புரதம் நோய் தீர்க்கும் வழியாகவும் அமைகிறது. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரைபனோசோம் ஒட்டுண்ணிக்கும் இத்தகைய கத்தரி உண்டு. அக்கோசிபோரோல் என்னும் மருந்து அதனை முடக்கி ஒட்டுண்ணியை அழிக்கிறது. ஒரே வேளை கொடுத்து நற்பயன் கண்ட ஆய்வு முடிவுகள் 2022இல் வெளிவந்தன.

மாணவ நண்பர்களே! இரண்டு மதிப்பெண் வினா என நாம் ஒதுக்கும் பகுதியில் ஒரு நோயின் காரணமும் மற்றொன்றின் மருந்தும் அடங்கியிருக்கின்றன. பாடத்தின் கடைசிப் பத்தியையும் கருத்தூன்றிப் படிப்போம்.