அயர்லாந்துக் கிராமச் சாலைகளில் இருவர்



அயர்லாந்தின் நாட்டுப்புறத்தைக் காரில் சுற்றிப் பார்க்க இருவர் வேண்டும். காரணம் அங்குள்ள சாலைகள். மேற்குக் கரையோர மாவட்டங்களில் ஊர்களை இணைக்கும் பாதைகள் பல இடங்களில் ஒரு காரின் அகலமே இருக்கும். இருபுறமும் கற்சுவர், சக்கரம் படாத நடுப்பகுதியில் புல் வளர்ந்திருக்கும். வளைவுக்கு அப்பால் டிராக்டர் வருகிறதா, ஆட்டு மந்தை வருகிறதா என்பது திரும்பிய பிறகே தெரியும். இத்தகைய பாதையில் வண்டி ஓட்டுபவர் சுற்றுப்புறத்தைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. பார்ப்பதும், வழி சொல்வதும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்வதும் பக்கத்தில் இருக்கும் நண்பரின் பொறுப்பு. அரை நாளுக்கு ஒருமுறை இருவரும் இடம் மாற்றிக்கொண்டால்தான் இருவருக்கும் அந்த நாடு கண்ணில் படும். ஆகவே வாடகைக் கார் எடுக்கும்போதே இருவர் பெயரையும் ஓட்டுநராகப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாதவர் ஓட்டினால் காப்பீடு செல்லாது. இருபத்தைந்து வயது நிரம்பாதவரிடம் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். அதை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

அங்கும் வண்டிகள் இடப்பக்கமே செல்லும் என்பதால் இந்திய ஓட்டுநருக்குப் பெரிய குழப்பம் இராது. இந்திய உரிமம் உள்ளவர் பயணியாகச் சென்றால் ஓராண்டு வரை அதைக் கொண்டே ஓட்டலாம். விசாவில்தான் கவனம் தேவை. தீவின் 32 மாவட்டங்களில் 26 அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தவை; வடகிழக்கின் 6 ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்தவை. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை. ஆனால் சாவடி இல்லாததால் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. குடியரசின் விசாவில் வடக்கேயும் செல்லும் என்ற குறிப்பு இல்லாதவர் அங்கே போகக் கூடாது. எல்லையைத் தாண்டியதும் வேகப் பலகைகள் கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறிவிடும்.

சாலைகளின் தரத்தை அவற்றின் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்து சொல்லிவிடும். எம் என்றால் விரைவுச்சாலை, 120 கி.மீ. வேகம் வரை போகலாம். என் என்பது தேசியச் சாலை, ஆர் வட்டாரச் சாலை, எல் உள்ளூர்ச் சாலை. கிராமப்புற எல் சாலைகளுக்கு 80 ஆக இருந்த வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 60 ஆகக் குறைத்தார்கள். நியாயமான முடிவு. பல இடங்களில் 40ஐத் தாண்டுவதே தவறு. எதிரே வண்டி வந்தால், ஒதுங்க இடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். கடந்து செல்பவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். அது வணக்கமும் நன்றியும் சேர்ந்த செய்கை. பதிலுக்கு விரல் தூக்காமல் போவது மரியாதைக் குறைவு. வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஒரு நாளைக்கு 150 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நிறுத்திப் பார்க்க நேரம் மிஞ்சும். சூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரிலோ நாலரை மணிக்குள் இருட்டிவிடும். எரிபொருள் போடும்போது பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல்.

டப்ளினிலிருந்து கால்வே நகருக்கு விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தெற்கே கிளேர் மாவட்டத்தின் பர்ரன் பகுதிக்கு முதலில் போவது நல்லது. மேற்கு அயர்லாந்தின் நிலத்தைப் புரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. பர்ரன் ஒரு சுண்ணாம்புக்கல் மேடு. 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய வெப்பக் கடலின் அடியில் படிந்த பாறை, பனியுகப் பனிப்பாறைகள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போன பிறகு வெளியே தெரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டைக் கல். இறங்கிக் குனிந்து பார்த்தால் பாறைப் பிளவுகளுக்குள் ஆர்க்டிக் குளிர் நாட்டுச் செடியும் மத்தியதரைக் கடல் நாட்டுச் செடியும் அருகருகே பூத்திருக்கும். ஏப்ரல் முதல் சூன் தொடக்கம் வரை ஜென்ஷியன் என்ற சிறிய நீலப் பூ வழியெங்கும் காணக் கிடைக்கும். பெய்த மழை பாறைப் பிளவுகள் வழியே உள்ளே இறங்கிவிடுவதால் ஓடைகள் குறைவு. சில பள்ளங்களில் மட்டும் குளிர்காலத்தில் நிலத்தடி நீர் ஊறி ஏரியாக நிற்கும், கோடையில் தானே வடிந்து மேய்ச்சல் நிலமாகிவிடும்.

இங்குள்ள உழவர்கள் மாடு மேய்க்கும் முறை மற்ற மலை நாடுகளுக்கு நேர்மாறானது. ஆல்ப்ஸ் மலையில் கோடையில் மாட்டை மேலே ஏற்றுவார்கள். பர்ரனில் குளிர்காலத்தில் ஏற்றுவார்கள். கோடை வெயிலின் சூட்டைச் சுண்ணாம்புக்கல் பிடித்து வைத்திருப்பதும், பாறை மேல் நீர் தேங்காததும் அதற்குக் காரணம். மாடுகள் குளிர்காலத்தில் பழைய புல்லைத் தின்றுவிடுவதால் வசந்தத்தில் சிறு பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பர்ரனின் பூக்கள் மேய்ச்சலால் வாழ்பவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அங்குள்ள வேலிகளும் கதவுகளும் ஏன் முக்கியம் என்பது விளங்கும். அயர்லாந்தில் யாரும் எந்த நிலத்திலும் நடக்கலாம் என்ற உரிமை கிடையாது, நிலம் தனியாருடையது. குறிக்கப்பட்ட பாதையில்தான் நடக்க வேண்டும். மூடியிருந்த கதவைத் திறந்து போனால் மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விட வேண்டும்.

ஆர் 480 சாலையோரத்தில் இருக்கிறது பௌல்நப்ரோன் கல்திட்டை. நிமிர்த்திய கற்களின் மேல் ஒரு பெரிய பலகைக் கல் சாய்ந்திருக்கும். 1980களில் நடந்த அகழாய்வில் குறைந்தது 33 பேரின் எலும்புகள் கிடைத்தன, அவை கி.மு. 3800க்கும் 3200க்கும் இடைப்பட்ட காலத்தவை. கட்டணம் இல்லை. வருபவர்கள் சுற்றிக் கிடக்கும் கற்களை எடுத்துக் குட்டிக் கல்திட்டை கட்டி வைத்துவிட்டுப் போவது அங்கே பெரிய தொல்லை. கல்லைப் பெயர்த்தால் பூச்செடியின் நிழலும் ஈரமும் போய்விடும். அருகிலுள்ள மோஹர் செங்குத்துப் பாறைகள் கடலிலிருந்து 214 மீட்டர் உயரம் எழுகின்றன. கூட்டம் மிகுந்த இடம் என்பதால் காலையிலோ மாலையிலோ போவதே சரி. ஒரு மணி நேரம் போதும்.

கால்வேயிலிருந்து மேற்கே என் 59 சாலை கிளிஃப்டனுக்கு ஏறத்தாழ 80 கி.மீ. இந்தக் கொனமாரா பகுதியில் சுண்ணாம்புக்கல் முடிந்து கருங்கல்லும் சதுப்பும் தொடங்கும். பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிப் படிந்த அந்தச் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து டர்ஃப் என்ற பெயரில் அடுப்பெரித்தார்கள். கரிமத்தைப் பூட்டி வைத்திருக்கும் சேமிப்பு என்பதால் இப்போது அதைக் காக்க முயல்கிறார்கள். பெருமளவில் வெட்டிவந்த அரசு நிறுவனம் 2021இல் அந்த வேலையை முடித்துக்கொண்டது. ஐரிஷ் மொழி பேசும் ஊர்களில் வழிகாட்டிப் பலகைகள் அம்மொழியில் மட்டுமே இருக்கும். கிளிஃப்டன் அங்கே அன் க்ளோகான் ஆகிவிடும். வழி பார்க்கும் நண்பர் அன்றைய ஊர்ப் பெயர்களை இரு மொழியிலும் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். தங்கும் வீட்டைக் கண்டுபிடிக்க எயர்கோடு என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஏழிலக்கக் குறியீடு போதும். 2015இல் வந்த இந்த முறையில் ஒவ்வொரு முகவரிக்கும் தனிக் குறியீடு உண்டு.

கிளிஃப்டனுக்குத் தெற்கே டெரிகிம்லா சதுப்பில் 1919 சூன் 15 அன்று ஆல்காக், பிரவுன் என்ற இருவர் வந்த விமானம் மூக்குக் குத்தி இறங்கியது. நியூஃபவுண்ட்லாந்திலிருந்து பதினாறு மணி நேரம் நிற்காமல் பறந்து அட்லாண்டிக்கைக் கடந்த முதல் விமானம் அது. ஒருவர் ஓட்ட, மற்றவர் வழி கணித்தார். மேலிருந்து பச்சை வயலாகத் தெரிந்தது இறங்கும்போதுதான் சதுப்பு என்று புலப்பட்டது, இருவருக்கும் காயமில்லை. அதே சதுப்பில் 1907 முதல் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி நிலையம் இயங்கிவந்தது. இப்போது அங்கே இடிபாடுகளும் ஒரு நடைபாதையும் உள்ளன.

கொனமாராவின் வடக்கு எல்லையில் லீனான் என்ற சிற்றூர். அங்கிருந்து கில்லரிக் கடற்கழியின் தலையைச் சுற்றி மேயோ மாவட்டத்துக்குள் நுழையும் ஆர் 335 சாலையே இந்தப் பயணத்தின் மையம். சுவரொட்டிகளில் அச்சிடப்படும் அழகு அதற்கு உண்டு: மலை, ஏரி, மனித நடமாட்டமே இல்லாத பள்ளத்தாக்கு. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு இயற்கையாகவே ஆளற்றதன்று. மாலை வெயில் சாய்வாக விழும்போது மலைச்சரிவில் வரிவரியாக மேடுபள்ளம் தெரியும். அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். 1840களில் இங்கே உழுத குடும்பங்களின் தடம்.

1845இல் உருளைக்கிழங்குச் செடியைக் கருக வைக்கும் நோய் அயர்லாந்தில் பரவியது. குத்தகை கட்டவே தானியம் போய்விட, ஏழை உழவர் உருளைக்கிழங்கை மட்டும் உண்டு வாழ்ந்த காலம். 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறிப் போனார்கள். உணவு ஏற்றுமதி நிற்கவில்லை. உதவி கேட்டவர்களைக் கல் உடைக்கவும் சாலை போடவும் வைத்தது பிரிட்டிஷ் அரசு. அப்படிப் போடப்பட்டு, எங்கும் போய்ச் சேராமல் மலையிலோ சதுப்பிலோ முடிந்துபோகும் சில பாதைகள் இன்றும் உண்டு. 1841இல் மேயோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,89,000. 2022இல் ஏறத்தாழ 1,38,000.

1849 மார்ச் 30 அன்று மேயோவின் லூயிஸ்பர்க் ஊரில் நிவாரணத்துக்குத் தகுதி பார்க்க அழைக்கப்பட்டுப் பல நூறு பேர் கூடினார்கள். வந்த அதிகாரிகளோ பத்தொன்பது கி.மீ.க்கு அப்பாலுள்ள டெல்ஃபி மாளிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அங்கே வரச் சொன்னார்கள். பட்டினியோடு இரவெல்லாம் குளிரில் நடந்து போனவர்களுக்கு உதவி மறுக்கப்பட்டது. திரும்பும் வழியில் டூலோக் ஏரியோரம் பலர் இறந்து விழுந்தார்கள். எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடில்லை. அவர்கள் நடந்த அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் இன்றைய சாலை ஓடுகிறது. ஏரிக்கு அருகே நிற்கும் கல் நினைவுச் சின்னத்தில் காந்தியின் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கே வண்டியை நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவது பயணம் ஆகாது.

தமிழருக்கு இந்தப் பஞ்சம் அந்நியமானதன்று. அயர்லாந்தின் நிவாரணத்தை லண்டனிலிருந்து கருவூல அதிகாரியாக நடத்திய சார்லஸ் ட்ரெவெலியன்தான் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்டினி கிடந்தபோதும், உதவி கேட்டவரை வேலை வாங்கும் அதே வழக்கம் தொடர்ந்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதே.

லூயிஸ்பர்க்கைத் தாண்டி, 764 மீட்டர் உயரமுள்ள குரோ பேட்ரிக் மலையடிவாரம் வழியாக வெஸ்ட்போர்ட் நகரை அடையலாம். சூலை கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர் அந்த மலையேறுவார்கள். அன்று அந்தச் சாலையைத் தவிர்ப்பது நல்லது. இரவுத் தங்கலுக்கு வெஸ்ட்போர்ட் ஏற்றது. பப்களில் மாலையில் பிடில், குழல் வாசிக்கும் உள்ளூர்க் கலைஞர் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். வாசிக்கும்போது உரக்கப் பேசக் கூடாது. குடிக்காதவர் தேநீர் கேட்டாலும் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. குடித்து ஓட்டுவதற்கான வரம்பு மிகக் குறைவு. மறுநாள் காலையிலும் ஓட்டுநருக்குச் சோதனை உண்டு. சைவ உணவுக்காரருக்குக் காய்கறி சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும் எந்த ஊரிலும் கிடைக்கும். சூப்பு எதில் வேகவைத்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேயோவின் வடகோடியில், பாலிகாசிலுக்கு மேற்கே கடலைப் பார்த்த குன்றின் மேல் கேஜ வயல்கள் உள்ளன. 1930களில் பேட்ரிக் கால்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர், டர்ஃப் வெட்டும்போது சதுப்பின் அடியில் கற்கள் வரிசையாகக் கிடப்பதைக் கவனித்து அருங்காட்சியகத்துக்கு எழுதினார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தொல்லியல் படித்த அவர் மகன் ஷேமஸ், இரும்புக் கம்பியால் சதுப்பைக் குத்திப் பார்த்து, கல் தட்டுப்படும் ஒவ்வொரு புள்ளியையும் குறித்து, பல கிலோமீட்டர் நீளச் சுவர்களை வரைபடமாக்கினார். உழவர்கள் வயல் பிரித்துக் கட்டிய சுவர்கள் அவை. 5,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை என்பது அகழ்ந்தவர்களின் கணிப்பு. அவ்வளவு பழைமை இராது என்று வாதிடும் அறிஞர்களும் உள்ளனர். எப்படியானாலும், வழியில் கண்ட சுவர்களைப் போன்றே கல்மேல் கல் அடுக்கியவை. குளிர்காலத்தில் பார்வையாளர் மையம் மூடியிருக்கும் என்பதால் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரைக்குள் போக வேண்டும்.

அங்கிருந்து பாலினா வழியாக டப்ளினுக்கு ஏறத்தாழ 280 கி.மீ.; நான்கு மணி நேரம். டப்ளினைச் சுற்றும் எம் 50 சாலையில் சுங்கச் சாவடி இல்லை, கேமரா மட்டுமே. கட்டணத்தை மறுநாள் இரவு எட்டு மணிக்குள் கட்டியாக வேண்டும்.

ஐந்து நாள் விடுப்பில் தீவு முழுவதையும் சுற்ற முயல வேண்டாம். கிளேர், கால்வே, மேயோ மூன்று மாவட்டங்களுக்கே ஐந்து நாள் சரியாகப் போகும்.