கப்பலேறும் முன் கைப்பையைக் கட்டுங்கள்

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பயணம் என்றால் பூலாம்பட்டியில் விசைப்படகு ஏறிக் காவிரியைத் தாண்டி நெரிஞ்சிப்பேட்டை போவதுதான். கடலைப் பார்க்க எந்தத் திசையில் கிளம்பினாலும் அரை நாள் ஆகும். 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படத் தொடங்கியபோது எங்கள் ஊரிலும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. கோழிப்பண்ணைக்காரர்கள், லாரித் தொழிலில் இருப்பவர்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று தெரிந்தவர்கள் பலரும் குடும்பத்தோடு போய் வந்துவிட்டார்கள். நாங்களும் என் மாமியாரை அழைத்துக்கொண்டு போனோம். அதிலிருந்து, கிளம்பப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். “என்னென்ன எடுத்துட்டுப் போகோணுமுங்க?”

பெரிய பெட்டியை விட்டுவிட்டு முதலில் கைப்பையைக் கட்டுங்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் இருக்கிறது. ரயிலில் நம் பெட்டி நம் இருக்கைக்கு அடியில் இருக்கும். கப்பலில் அப்படி இல்லை. துறைமுக முனையத்தில் பெரிய பெட்டிகளுக்கு அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி ஊழியர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவை ஸ்கேன் ஆகி, தளம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். நாமோ மதியமே ஏறியிருப்போம். அந்த இடைவெளியில் சர்க்கரை மாத்திரை வேண்டும், குழந்தைக்கு மாற்றுத் துணி வேண்டும், போன் சார்ஜர் வேண்டும், நீச்சல் குளத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அதற்கான உடுப்பு வேண்டும். இவையெல்லாம் பெரிய பெட்டிக்குள் இருந்தால், கப்பலின் முதல் நாள் வாசலைப் பார்த்தபடியே போய்விடும்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரும்பாலோர் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியுமுன் சென்ட்ரலில் இறங்குகிறோம். துறைமுகத்தில் ஆளை உள்ளே விடுவதோ மதியத்தை ஒட்டித்தான். அதற்குள் பல் விளக்கி, குளித்து, உடை மாற்றியாக வேண்டும். இதற்கான பற்பசை, துண்டு, ஒரு மாற்று உடை ஆகியவையும் கைப்பையில் இருந்தால் சென்ட்ரல் வாசலில் பெரிய பெட்டியைத் திறந்து பரப்ப வேண்டியதில்லை.

பெட்டி விஷயத்தில் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குக் கொண்டு போகிற பெரிய ட்ராலியை வீட்டில் விட்டுவிடுங்கள். சொகுசுக் கப்பல் என்ற பெயரைக் கேட்டு நாம் நினைக்கிற அளவுக்குச் சாதாரண அறை பெரிதாக இருக்காது. கட்டில், சின்ன மேசை, ஒரு அலமாரி, நின்றபடி திரும்பும் அளவுக்கு ஒரு குளியலறை, அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் நடக்க வழி. துணியாலான நடுத்தரப் பெட்டி சுலபமாக உள்ளே போய்விடும். நாலு பேர் துணியை ஒரே பெட்டியில் அடைப்பதைவிட இரண்டு நடுத்தரப் பெட்டிகள் மேல். எல்லாருடைய ட்ராலியும் கறுப்பாகவே இருப்பதால் கைப்பிடியில் கலர் துணி ஒன்றைக் கட்டி வையுங்கள். வெளியே கட்டிய சீட்டு கிழிந்தாலும் பெட்டி வந்து சேர, உள்ளே பெயரும் போன் எண்ணும் எழுதிய தாள் ஒன்றைப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் வந்த ஒரே வாக்குவாதம் கற்பூரத்தைப் பற்றியது. என் மாமியார் எந்த ஊருக்குப் போனாலும் கற்பூர டப்பாவும் ஊதுபத்தியும் பையில் இருக்கும். அவை கப்பலில் ஏறாது என்று நான் சொன்னதும், “சூடங் காட்டாம எப்படி கண்ணு சாமி கும்புடறது?” என்று கேட்டார். நான் அவருக்கு எம்.வி. சிதம்பரம் கப்பலைப் பற்றிச் சொன்னேன். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலேசியா, சிங்கப்பூருக்கு நம்மவர்களை ஏற்றிச் சென்ற கப்பல் அது. நம் மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களில் இன்றும் அந்தப் பெயரும், அதற்கு முன் ஓடிய ரஜூலாவின் பெயரும் அடிபடும். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் சிதம்பரத்தில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அந்தக் கப்பல் பிறகு பயணிகளை ஏற்றவே இல்லை. தரையில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம், கடலில் ஓட இடம் கிடையாது. அதைக் கேட்டபின் மாமியாரே கற்பூர டப்பாவை எடுத்து வைத்துவிட்டார். திருநீற்றுப் பொட்டலமும், பட்டன் செல்லில் எரியும் சின்ன மின்விளக்கு அகலும் எடுத்துப் போனோம். காலையும் மாலையும் அதை மேசைமேல் வைத்து மனநிறைவாகக் கும்பிட்டார்.

தீ பயத்தால்தான் இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், தண்ணீர் சுடவைக்கும் காயில் எதையும் அனுமதிப்பதில்லை. ஸ்கேனில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் பல கப்பல்களில் தடை உண்டு. அறையில் இருப்பதோ ஒன்றிரண்டு பிளக் பாயின்ட். எம்ப்ரஸ் 1990-ல் பிரான்சில் கட்டி அமெரிக்கப் பயணிகளுக்காக ஓடிய கப்பல். இந்த மாதிரிக் கப்பல்களில் தட்டைப் பின், ஐரோப்பிய உருண்டைப் பின் வகைதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போவது நல்லது. நம் வீட்டு மூன்று பின் பிளக் அதில் நுழையாது. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்றும், நாலு யூஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்றும் இருந்தால் குடும்பத்து போன்கள் எல்லாம் விடியும்போது நிறைந்திருக்கும்.

இனி நான் எல்லாருக்கும் தவறாமல் சொல்வது காந்தக் கொக்கி. கப்பல் அறையின் சுவர்களும் கதவும் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், மேலே வண்ணத்தாள் ஒட்டியிருப்பதால் பார்த்தால் தெரியாது. காந்தத்தை வைத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஹார்டுவேர் கடையில் விசாரித்துக் கொஞ்சம் கனமானதாக அரை டஜன் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒன்றில் அறைச் சாவி அட்டைகள், ஒன்றில் தொப்பிகள். கட்டிலின் தலைமாட்டில் மாமியாரின் மாத்திரைப் பை, கை நீட்டினால் எட்டும் உயரத்தில். அதற்குப் பக்கத்துக் கொக்கியில் கண்ணாடிக் கூடு. இரவில் கப்பல் ஆடினாலும் எதுவும் உருண்டு விழவில்லை, எதையும் தேடவும் இல்லை. எதிரெதிர்ச் சுவரில் இரண்டு கொக்கி போட்டுக் கயிறு கட்டினால் துண்டு காயப்போடும் கொடி ஆகிவிடும். கடல் ஈரத்தில் கனமான பருத்தித் துணி லேசில் காயாது என்பதால் ஈரிழைத் துண்டுதான் சரி.

வாந்தி வருமா என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. நம் ஊரில் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பேருந்தில் அதை ஏறிச் சமாளிக்கிறவர்கள் அமைதியான கடலையும் சமாளித்துவிடலாம். பத்தாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை முகர்கிறவர்கள் தயாராகப் போக வேண்டும். கண் பார்ப்பதும் உள்காது உணர்வதும் ஒத்துப்போகாததால் வரும் தலைச்சுற்றல்தான் இரண்டுமே. அவோமின் போன்ற மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டுப் பயன் குறைவு, முன்கூட்டியே போட வேண்டும். தூக்கம் தள்ளும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பாக்கெட்டில் அடைத்த இஞ்சி மிட்டாய் எல்லாருக்கும் ஆகும். வயிற்றைக் காலியாகப் போடாதீர்கள். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். அறை பதியும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேட்டு வாங்கினால் ஆட்டம் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வங்கக் கடலின் நம் கரை ஓரளவு அமைதியாக இருக்கும். அதுவரை மும்பையிலிருந்து ஓடிய எம்ப்ரஸ் ஜூனில் சென்னைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தினசரி மாத்திரைகளைப் பயண நாளுக்கு இரட்டிப்பாக, அட்டையோடு, மருந்துச் சீட்டோடு வையுங்கள். டப்பாவில் உதிர்த்துப் போட்டால் சோதனையில் விளக்கம் சொல்ல வேண்டி வரும். கப்பலில் டாக்டர் உண்டு, கட்டணம் அதிகம். இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்ப்பையோடு ஏறி, அறையில் குளிர்பெட்டி இல்லாவிட்டால் மருத்துவ அறையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

துணிமணியில் நம் ஊர் வெயிலை மறந்துவிட வேண்டும். உள்ளே நாள் முழுக்க ஏசி, மேல்தளத்திலோ காற்று ஆளைத் தள்ளும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை, தாடைக்கடியில் முடிச்சுப் போடும் தொப்பி. சேலை கட்டுகிறவர்கள் ஊக்கு நிறைய எடுத்துப்போங்கள், முந்தானை நிற்கவே நிற்காது. நனைந்த தளத்தில் வழுக்காத ரப்பர் அடிச் செருப்பு கட்டாயம். குளத்தில் நைலான் நீச்சல் உடை இல்லாமல் விடமாட்டார்கள், சுடிதாரோ பனியனோ செல்லாது. கையும் காலும் முழுக்க மூடும் நீச்சல் உடைகள் பெண்களுக்குக் கிடைக்கின்றன. கூச்சப்பட்டுக் கரையில் உட்காராமல் அதை வாங்கிக்கொண்டு போங்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் குளத்தை விட்டு வெளியே வர மனமில்லாமல் இருந்தார்கள். இரவு உணவு மண்டபத்துக்கு லுங்கி, அரைக்கால் சட்டையோடு போக முடியாது. வேட்டி சட்டை கம்பீரமாக இருக்கும்.

குளியலறைக்கு ஒரு சின்னக் குவளை அல்லது அகல வாய் பாட்டில் எடுத்துப்போங்கள். எல்லாக் கப்பலிலும் கழிவறையில் பீச்சுகுழாய் இருக்காது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நம் வீட்டுப் பெரியவர்கள் இது இல்லாமல் படும் சங்கடம் பெரிது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இட்லி சாம்பார் முதல் வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் வரை கிடைக்கும். வீட்டில் சமைத்ததை ஏற்ற விடுவதில்லை என்பதால் புளிசாதம், தட்டுவடை எல்லாம் ரயிலோடு முடியட்டும். கைக்குழந்தையின் உணவுக்கு முன்பே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

கரை விட்டு விலகியதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் போன் தானாகத் தொற்றிக்கொண்டால் பில் எகிறும். பார்க்க வேண்டிய படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். விசாகப்பட்டினம் மாதிரி ஊரில் இறங்கும்போது மடித்து வைத்த மஞ்சள் பை ஒன்று போதும். தண்ணீர் பாட்டில், குடை, அடையாள அட்டை, ஆட்டோவுக்குச் சில்லறை எல்லாம் அதில் அடங்கும்.

கடைசி இரவில் கைப்பை மறுபடி வேலைக்கு வரும். பெரிய பெட்டிகளை இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வது கப்பல்களில் வழக்கம். பக்கத்து அறைக் குடும்பம் எல்லாத் துணியையும் மடித்து உள்ளே வைத்து அனுப்பிவிட்டு, காலையில் இரவு உடையோடு நின்றது. மறுநாள் உடுத்தும் துணி, காலை மாத்திரை, பல் விளக்கும் சாமான், அடையாள அட்டை இவை மட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

அந்த அடையாள அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? நமக்கு இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், வேறொரு இடத்தில் அப்பா பெயர் முழுதாக என்று மாறிக் கிடக்கும். உள்நாட்டுப் பயணத்துக்கு அசல் ஆதார் போன்ற அட்டை வேண்டும், போனில் எடுத்த படம் போதாது. 2023 ஜூனில் தொடங்கிய மாதிரி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை போகும் பயணம் என்றால் ஆறு மாதமாவது காலாவதி பாக்கியுள்ள பாஸ்போர்ட்டும் இலங்கை விசாவும் வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக. மற்ற எதை மறந்தாலும் கப்பல் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பெயர்த் திருத்தத்தைத் துறைமுக வாசலில் நின்று செய்ய முடியாது, டிக்கெட் போட்ட அன்றே செய்துவிடுங்கள்.