தண்டைப் பார்த்தீங்களா, சார்?

பெங்களூரு ஜே.பி. நகரில் ஓர் அடுக்ககத்தில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியிடம், "இலை இதய வடிவத்துல இருந்துச்சு" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், முகம் மாறிவிடும். "இலையை விடுங்க. தண்டைப் பார்த்தீங்களா?" என்பார். துறஹள்ளிக் காட்டில் அவரோடு காலையில் நடக்கப் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியிடம் ஒரு முறையாவது மாட்டியிருக்கிறார்கள்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கொரோனா காலத்தில் ஊரெல்லாம் சீந்தில் கசாயம் கொதித்தது. கன்னடக்காரர்களுக்கு அது அம்ருதபள்ளி. இவரும் ஒரு நாற்றுப்பண்ணையில் கொடி வாங்கிவந்து சுற்றுச்சுவர் ஓரம் நட்டார். இலை இதயம்போல் இருந்தது. அதற்கு மேல் எதையும் அவர் பார்க்கவில்லை. கொடி சுவரேறித் தழைத்தது. அக்கம்பக்கத்தார் கிள்ளிக்கொண்டு போனார்கள்.

2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். சீந்திலே காரணமாகலாம் என்பது அவர்கள் கட்சி. சீந்தில் பாதுகாப்பானது, அதைப்போலவே தோன்றும் டினோஸ்போரா கிரிஸ்பாவில்தான் ஆபத்து என்பது ஆயுஷ் அமைச்சகத்தின் கட்சி. 2022 பிப்ரவரியில் அமைச்சகம் இரண்டையும் பிரித்தறிய ஓர் அட்டவணையே வெளியிட்டது. சீந்திலின் தண்டு பச்சை, முண்டு கிடையாது, பால் வராது, பழம் உருண்டையாகச் சிவந்திருக்கும். மற்றதன் தண்டு சாம்பல் நிறம், முண்டு முண்டாக இருக்கும், பால் வரும், பழம் நீள்வட்டத்தில் ஆரஞ்சு நிறம்.

போனில் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சுவரோரம் போனார். தண்டைத் தடவினார். பாகற்காயைத் தடவியதுபோல் இருந்தது.

யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழ்வீட்டு அம்மா, "அண்ணா, நீங்க சொன்னீங்கன்னுதானே கசாயம் போட்டோம்" என்று கேட்டது இன்னும் உறுத்துகிறது. நாற்றுப்பண்ணைக்காரர் அம்ருதபள்ளி என்று சீட்டெழுதிக் கட்டித்தான் விற்றார், தன் மேல் என்ன தப்பு என்பது இவர் வாதம். பாதி நியாயம். மீதிப் பாதி, அந்த முண்டுகளும் அதே தொட்டியில்தான் இருந்தன.

அதற்குப் பிறகுதான் காடு. கனகபுரா சாலைப் பக்கம் இருக்கும் துறஹள்ளி, பாறையும் புதருமாக நகரத்துக்கு மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டு. 2021இல் அங்கே மரப்பூங்கா அமைக்கும் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். தொப்பி, தண்ணீர், நல்ல ஷூ எல்லாம் வழக்கம்போல். வார நாளில் காலை ஆறரைக்குப் போங்கள், கூட்டம் இருக்காது என்கிறார். ஒன்பது மணிக்கு அலுவலகப் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் என்ன செய்வது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதய இலைக் கொடி கண்ணில் பட்டால் அவர் முதலில் பார்ப்பது, இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா என்பதை. எதிரெதிராக இருந்து, காம்பைக் கிள்ளினால் பால் வந்தால் பெரும்பாலும் வேலிப்பருத்தி. மென்முள் போர்த்த ஜோடிக் காய்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மாறி மாறி இருந்தால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். காம்பு விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளிச் சேர்ந்திருந்தால் அது வட்டத்திருப்பியாக இருக்கலாம். அடிப்புறம் பட்டுபோல் ரோமம் படிந்திருந்தால் முசுட்டையை நினைக்கலாம். நரம்புகள் அடியில் கிளம்பி வளைந்து நுனியில் கூடினால் காட்டு வள்ளிக்கிழங்கு வகை. இளஞ்சிவப்புப் பூங்கொத்தின் நுனியில் பற்றுச்சுருள் நீண்டிருந்தால் அது மெக்சிகோவிலிருந்து வந்த கொடி ரோஸ். நம் காட்டுச் செடியே அல்ல. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் ரோமச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

சீந்திலுக்குத் தாளாக உரியும் மெல்லிய பட்டை, விழுதுபோல் தொங்கும் நூல் வேர்கள், இலையுதிர்ந்த கொடியில் வரும் பொடி மஞ்சள் பூக்கள். பழத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது வீண்; சீந்திலில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. ஆண் கொடி காய்க்கவே காய்க்காது.

போன் செயலிகள் மேல் அவருக்குத் தீராத பகை. அதில் அவர் கொஞ்சம் அதிகமாகவே போகிறார். இலையை மட்டும் படமெடுத்துக் கேட்டால் செயலியும் அவர் செய்த தப்பையேதான் செய்யும். தண்டு, இலையின் அடிப்புறம், பூ, கணு என்று நாலு படம் கொடுத்தால் அது தரும் பதில் நல்ல தொடக்கமாகவே இருக்கிறது. சரிபார்க்க இந்திய அறிவியல் கழகத்தின் கர்நாடகத் தாவர இணையத் தொகுப்பு உண்டு. அங்குள்ள உலர்தாவரத் தொகுதிக்கு ஜேசிபி என்று பெயர். செயின்ட் ஜோசப் கல்லூரியில் பாடம் நடத்திய பாதிரியார் செசில் சல்டானா சேகரித்த செடிகள் அங்கே இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கின்றன.

காட்டிலிருந்து அனுமதியில்லாமல் கொடியை வெட்டிவருவது குற்றம். நமக்குப் படம்தான். அதில் ஒரு சிக்கல்: முசுட்டையின் வெள்ளைப் பூ மாலையில் விரியும், இவரோ காலை ஆள். ஆகவே துறஹள்ளியில் பார்த்த ஒரு கொடி, வாடிய பூவும் அரைகுறைப் படமுமாக, அவர் நோட்டில் இன்னும் "முசுட்டை?" என்றுதான் இருக்கிறது. கேள்விக்குறியை எடுக்கச் சொல்லி நண்பர்கள் கேட்டாயிற்று. அவர் மறுத்துவிட்டார்.