பாட்டியின் பவளமாலை

பாட்டி தந்த பவளமாலை சாயமேற்றாத இயற்கைப் பவளந்தானா என்று வீட்டிலேயே அறிய வழியுண்டா?
– வாசகி, மல்லேசுவரம், பெங்களூர்

உண்டு, அம்மணி. நகச்சாயம் போக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சினால் மணியின் துளையோரத்தை மெல்லத் துடைத்துப் பார்த்து, பஞ்சு சிவந்தால் அது சாயத்தின் உபயமென்று அறிக. சிவக்காவிடில் பூதக்கண்ணாடியால் நோக்குங்கால், மயிரிழை போன்ற வரிகள் நீளவாக்கில் அணிவகுத்திருப்பின், அது மத்தியதரைக் கடலிலிருந்து வந்த அசல் சரக்காகவே இருக்கக்கூடும். (நம் மன்னார் வளைகுடாவில் இருப்பவை பாறைப் பவளங்கள், அவற்றைச் சட்டமும் காக்கிறது.) குமிழிகள் தென்பட்டால் கண்ணாடி. சிறு குழிகளையும் வெண்புள்ளிகளையும் தோஷமென எண்ணி வருந்தற்க. அச்சில் வார்த்தாற்போல் மணிகளெல்லாம் ஒரே நிறமாயிருப்பதே சந்தேகத்துக்குரியது. வினிகரில் போட்டுப் பரீட்சிக்கச் சொல்வோர் பேச்சைக் கேளாதீர். பவளம் சுண்ணாம்புச் சத்தாதலால், அசல் மணியே நுரைத்துக் கரையும்.