மரத்தின் உயரமும் காணியின் பலமும்

பிறந்து வளர்ந்த ஊரில் எந்தப் பள்ளத்தில் வெள்ளம் தேங்கும், எந்த மேட்டில் மா நன்றாகக் காய்க்கும் என்பது கமக்காரருக்கு மனப்பாடம். இடம்பெயர்ந்து, முன்பின் தெரியாத இடத்தில் காணி பெறும்போது அந்த அறிவு உதவுவதில்லை. நெல்லென்றால் ஒரு போகத்திலேயே காணியின் குணம் தெரிந்துவிடும். மரமென்றால் இருபது முப்பது வருடம் செல்லும். அதன்பின் திருத்த வழியில்லை. ஆகவே நடுவதற்கு முன்பே காணியின் பலத்தை மதிப்பிட வேண்டும். நியூசிலாந்தில் இதை நாடு முழுவதற்கும் செய்து, தேசப்படமாகவே வரைந்திருக்கிறார்கள். அந்த முறையை இங்கே பார்ப்போம்.

அங்கு பெருந்தோட்டமாக நடப்படுவது றேடியாற்றா பைன். எமது மலைநாட்டுச் சரிவுகளில் நிற்கும் கரீபியன் பைனுக்கு உறவான மரம். ஏறத்தாழ 28 வருடத்தில் வெட்டப்படுகிறது.

காணியின் பலத்தை எதைக் கொண்டு அளப்பது? மரத்தின் பருமனைக் கொண்டு என்று பலரும் சொல்வர். அது சரிவராது. நெருக்கி நட்டால் நல்ல மண்ணிலும் மரம் மெலியும். இடைவெளி விட்டு நட்டால் சுமாரான மண்ணிலும் பருக்கும். உயரம் அப்படியல்ல. தோப்பில் முதன்மையாக நிற்கும் மரங்களின் உயரம் நட்ட இடைவெளியால் அதிகம் மாறாது. மண்ணும் காலநிலையுமே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. எனவே ஒரு ஹெக்டேயரில் மிகப் பருத்த 100 மரங்களை எடுத்து, 20 வயதில் அவற்றின் சராசரி உயரம் எத்தனை மீற்றர் என்று கணிக்கிறார்கள். இதுவே இடச் சுட்டெண். 35 மீற்றர் வளர்ந்த இடம் 25 மீற்றர் வளர்ந்த இடத்திலும் திறமானது. ஆனால் வயதைச் சொல்லாமல் உயரத்தை மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. பலகையின் அளவை அறிய ‘300 சுட்டெண்’ என்று இன்னொன்று உண்டு: ஹெக்டேயருக்கு 300 மரங்களை ஒரே விதமாகப் பராமரித்தால், 30 வயது வரை வருடமொன்றுக்குச் சராசரி எத்தனை கன மீற்றர் மரம் சேரும் என்பது.

அளந்த துண்டுகள் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. இடைப்பட்ட நிலத்தை எப்படி நிரப்புவது? முதலில் ஒவ்வொரு துண்டின் வெப்பநிலை, மழைவீழ்ச்சி, மண் ஆகியவற்றை அங்குள்ள மரத்தின் வளர்ச்சியோடு பொருத்திப் பார்க்கிறார்கள். குளிர் கூடிய உயர்நிலத்தில் வளர்ச்சி குறைவது இதில் தெளிவாகத் தெரியும். இந்தத் தொடர்பைக் கொண்டு அளக்காத இடத்துக்கும் ஒரு கணக்குப் போடலாம். பிறகு பிழையைப் பார்க்கிறார்கள். கணக்கு 30 மீற்றர் என்ற இடத்தில் மரம் 33 மீற்றர் நின்றால், கணக்கில் வராத ஏதோவொரு நன்மை அங்கே இருக்கிறது. அடுத்த காணிக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும். கிட்ட இருக்கும் காணிக்குக் கூடுதலாகவும் தூரத்துக் காணிக்குக் குறைவாகவும் அந்த மூன்று மீற்றரைப் பகிர்கிறார்கள். இந்த யோசனைக்கு வழிகாட்டியவர் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியியலாளர் டானி கிறிகே, 1951இல் எழுதினார். தங்கம் தேடிய கணக்கு மரத்துக்கும் உதவியது! 2009இல் வெளியான ஆய்வொன்று, இவ்வாறான பல முறைகளை ஒப்பிட்டு நியூசிலாந்து முழுவதற்கும் இப்படங்களை வரைந்தது.

படம் சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல. அந்நாட்டின் வடபகுதிக் களிமண்ணில் பொசுபரசு குறைவு. அங்கே காலநிலை நன்றாக இருந்தும் பைன் குன்றி மஞ்சளித்து நின்றது. சுப்பர் பொசுபேற்று இட்டதும் எழுந்து வளர்ந்தது. பசளை இடுமுன் அளந்த எண்ணை அந்த மண்ணின் தலைவிதி என்று எடுத்தால் தவறாகும். மறுபுறம், கைங்கரோவா என்ற எரிமலை நுரைக்கல் மேட்டுநிலத்தில், புல் நிறைய இருந்தும் ஆடுமாடுகள் மெலிந்து இறந்தன. மண்ணில் கோபால்ற் சத்து போதாமையே காரணம் என்பது 1930களில்தான் தெரியவந்தது. மந்தைக்கு ஆகாதென்று விடப்பட்ட அதே நிலத்தில் பைன் செழித்து, பெரும் காடானது. பைனுக்கான படத்தைப் பார்த்துப் புல்லுக்கோ நெல்லுக்கோ தீர்ப்புச் சொல்ல முடியாது.

கணனி இல்லாமலும் இதன் முதற்படியைச் செய்யலாம். புதிய காணியில் தேக்கு நடும் எண்ணமிருந்தால், சுற்றுவட்டாரத்தில் வயது தெரிந்த தேக்குகளைத் தேடுங்கள். நட்ட வருடத்தை அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். உயரத்தை அளக்க ஒரு தடி போதும். கையை நேரே நீட்டி, பிடிக்கு மேலே நிற்கும் தடியின் நீளம் கண்ணுக்கும் பிடிக்கும் உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். பிடி மரத்தின் அடியையும், தடியின் நுனி மரத்தின் நுனியையும் தொடுவதாகத் தெரியும்வரை பின்னே செல்லுங்கள். சமதரையில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மரத்துக்குள்ள தூரமே அதன் உயரம். வயதையும் உயரத்தையும் ஊரின் கைப்படத்தில் குறித்துக்கொண்டு, ஒத்த வயது மரங்களை ஒப்பிடுங்கள். ஒற்றை மரத்தை நம்ப வேண்டாம். கிணற்றடி மரத்தையும் மாட்டுப்பட்டியோர மரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.